ஐம்பதாவது அடுப்பு

செங்கல் மூன்று. அதில் ஒன்று பாதி உடைந்தது. வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே அவற்றைக் கூட்டி வைத்து, ஒரு சின்னச் சட்டியை ஏற்றினேன். விறகு ஈரம். ஊதினேன். புகை வந்தது, நெருப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், குசினி வாசலில் என் மருமகள் ரெஜினா கையில் அகப்பையோடு நிற்கிறாள்.

"என்னாங்க மாமி இது?"

"சோறு ஆக்கப் போறேன்."

"உள்ளுக்கு ஆக்கி வச்சிருக்கேனே!"

"அது ஒங்க அடுப்புச் சோறு."

அகப்பை கீழே போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"நான் என்ன கொற வச்சேன்? உப்பு கூடிருச்சா? சொல்லுங்க, சொல்லிட்டு ஊதுங்க!"

குனிந்து ஊதினேன். நான் கூச்சக்காரி. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடப்பவள். அப்படிப்பட்டவள் ஊர் பார்க்கத் தனி அடுப்பு மூட்டினேன் என்றால், அதற்குக் காரணம் கோவில். கோவிலுக்குக் காரணம் ஒரு கணக்கு.

மிளகாய் வாங்கும் சிங்களம்

எங்கள் கோவில், கண்டி டவுனிலிருந்து கடுகண்ணாவைப் பக்கம் போகும் ரோட்டில், மேலே ஏறும் ஒரு வளைவில் இருக்கிறது. சின்னக் கோவில். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தமிழ்ப் பூசை, எட்டுக்குச் சிங்களப் பூசை. பங்குத்தந்தை சிங்களவர், நல்ல மனுஷர். தமிழ்ப் பூசைக்கு மட்டும் டவுனிலிருந்து ஒரு தமிழ்ச் சாமியார் வருவார்.

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடியும் நேரம் பங்குத்தந்தை எங்கள் முன்னால் வந்து நின்றார். கையில் கடிதம்.

"மேல இருந்து லெட்டர் வந்திருக்கு. சாமிமார் கொறவு. தமிழ்க் குடும்பம் ஐம்பது இருந்தா, எல்லா ஞாயிறும் தமிழ்ப் பூசை இருக்கும். இல்லாட்டி மாசத்துக்கு ஒண்ணு. மிச்ச ஞாயிறு எல்லாரும் எட்டு மணிக்கு ஒண்ணா வாங்க."

எனக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. ஆனால் என்னுடையது மிளகாய் வாங்கும் சிங்களம். பாவசங்கீர்த்தனம் செய்யும் சிங்களம் என்னிடம் கிடையாது. என் பாவங்கள் சின்னவைதான். இருந்தாலும் அவற்றை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் போகிற நேரம் வந்து, அடக்கப் பூசையும் எட்டு மணிப் பாஷையில் நடந்தால், பெட்டிக்குள் படுத்துக்கொண்டு என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல் கிடக்க வேண்டும். வாழ்நாளில் என்னைப் பற்றி நாலு பேர் நல்லது சொல்லப் போவது அந்த ஒரு நாள்தான். அதையும் விடச் சொன்னால் எப்படி?

குடும்பங்களை எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. மாதர் சங்கத்துப் பெண்களை அனுப்பினால் ஒரு வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, கணக்கைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். "லூர்தம்மா வாயத் தொறக்க மாட்டாங்க, அவங்க சரி," என்று பங்குத்தந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாய் திறக்க மாட்டேன் என்பதால், முடியாது என்றும் சொல்லவில்லை.

போனவர்களுக்குப் புத்தகம் இல்லை

எனக்குத் துணையாக பிரதர் டெனிஸ் வந்தார். குருமடத்தில் படிப்பவர், சொந்த ஊர் மன்னார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க வருவார். சாமியாராகப் போவதற்கு முன் கம்பஸில் புவியியல் பட்டம் படித்தவராம். ஆகவே இந்த வேலையைக் கேட்டதும் அவருக்குக் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல ஒரு சந்தோசம்.

"லேசான வேலை அம்மா. பிறந்த ஆக்களைக் கூட்டுறது, செத்த ஆக்களைக் கழிக்கிறது. ரெண்டுக்கும் புத்தகம் இருக்குத்தானே?"

இருந்தது. ஞானஸ்நானப் புத்தகம் ஒன்று, அடக்கப் புத்தகம் ஒன்று. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து கூட்டிக் கழித்தார். வந்த தொகையைப் பார்த்து எழும்பி நின்றுவிட்டார்.

"அம்மா! ஐம்பது என்ன, இருநூறு குடும்பத்துக்கும் மேலை வருது!"

"அவ்வளவு பேரும் ஒரு நாளைக்கு வந்தா கூர தாங்காதுங்க பிரதர்," என்றேன். "பாதிப் பேரு இங்க இல்ல."

"எங்கை போட்டினம்?"

எங்கே போகவில்லை? கொழும்பு, குவைத், இத்தாலி, ரோமாபுரிக்கே போனவர்களும் உண்டு. ஆனால் அங்கிருந்து பூசைக்கு வர முடியாது. பிறந்தால் தூக்கிக்கொண்டு வருகிறோம், தண்ணீர் ஊற்றி எழுதுகிறார்கள். செத்தால் தூக்கிக்கொண்டு வருகிறோம், மண் போட்டு எழுதுகிறார்கள். ஊரைவிட்டுப் போகிறவன் மட்டும் தானே பையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறிவிடுகிறான். அதற்கு ஒரு திருவருட்சாதனம் இல்லை, ஆகவே ஒரு புத்தகமும் இல்லை.

பிரதர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அதுக்குப் பேர் இடப்பெயர்வு அம்மா. பிறப்பும் இறப்பும் கிடைச்சிடும். இந்தச் சனியன்தான் எப்பவும் தப்பிப்போகும்," என்றார். சனியன் என்று சொன்னதற்காக உடனே சிலுவையும் போட்டுக்கொண்டார்.

அரைப்பேர்

எண்ணப்படுவது எனக்குப் புதிதல்ல. நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். அங்கே தினமும் காலையில் தலை எண்ணுவார்கள். பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, கங்காணி எண்ண, கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தில் புள்ளி வைப்பார். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு அரைப்பேர். அரைநாள் வேலை என்று அர்த்தம், ஆனால் சொல்வது என்னவோ அரைப்பேர் என்றுதான்.

என் அம்மா எட்டு மாத வயிற்றோடு மலையேறி, கொழுந்து குறைந்து, அரைப்பேராக இறங்கி வந்த நாள் ஒன்று உண்டு. வயிற்றுக்குள் நான். இரண்டு உயிர், புத்தகத்தில் அரை. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் சித்தி குடும்பத்தை அரசாங்க ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ரயிலேறிய அன்றே செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்கள், அதில் தோட்டம் மகா சுறுசுறுப்பு. தோட்டத்துக் கோவில் புத்தகத்தில் ஒருவரும் வெட்டவில்லை. அந்தப் புத்தகத்தின்படி சித்தி இன்றைக்கும் ஏழாம் லயத்து வீட்டில்தான் இருக்கிறார், இடுப்பில் கைப்பிள்ளையோடு.

இதைப் பிரதரிடம் சொன்னேன். அவர் இரண்டு புத்தகத்தையும் மூடி வைத்தார். "நடப்பம் அம்மா. வீடு வீடாப் போவம்."

உடுக்கை

நடந்தோம். நான் முன்னால், பிரதர் பின்னால் ஒரு கொப்பியோடு. குடும்பம் என்றால் என்ன என்று முதலிலேயே அவர் எனக்குச் சொல்லிவிட்டார்.

"ஒரு கூரை எண்டு பாக்கக் கூடாது. ஒரு அடுப்பிலை சமைச்சு ஒண்டாச் சாப்பிடுற ஆக்கள்தான் ஒரு குடும்பம். ஒரு வீட்டிலை ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு."

இது எனக்குப் பிடித்திருந்தது. சுவரைப் பார்க்காதே, சட்டியைப் பார். எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விசயத்துக்குப் படித்தவர்கள் ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வழியெல்லாம் அவர் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். நிலத்துக்கு எத்தனை ஆட்கள் என்று வகுத்துப் பார்த்தால் அடர்த்தி வருமாம். வகுத்தல் எனக்கு ஐந்தாம் வகுப்பில் வந்தது, அதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தேன். இருந்தாலும் இந்தக் கணக்கில் ஏதோ மோசடி இருப்பது தெரிந்தது. வாவியையும், அதற்கு மேலே உள்ள காட்டையும், தேயிலை மலைகளையும், பல்லேகல கிரிக்கெட் மைதானத்தையும் சேர்த்தல்லவா வகுக்கிறார்கள்? அப்படிப் பார்த்தால் என் பங்குக்கு ஒரு பலாமரமும் ஒரு மாடும் வைக்க இடம் வரும். உள்ளபடி எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி தும்மினால் மூன்று வீட்டில் "யேசுவே" என்பார்கள்.

பிறகு பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்ற கணக்கு. "கணக்குக்கு எத்தனையா, உபயோகத்துக்கு எத்தனையா?" என்று கேட்டுவிட்டேன். பிரதர் ரோட்டோரத்தில் நின்று சிரித்தார். என் மகன் அந்தோனி ஓட்டோ ஓட்டுகிறவன். பல்லேகலயில் மேட்ச் என்றால் எங்கள் ஒழுங்கையில் ஆண்களின் தொகை சுத்தமாகப் பூச்சியம்.

ஒரு நாள் கோவில் படியில் உட்கார்ந்து, எண்ணிய ஆட்களை வயதுவாரியாக அடுக்கிப் படம் கீறினார். அடியில் பிள்ளைகள், உச்சியில் கிழங்கள். நத்தார் மரம் மாதிரி அடி அகன்று உச்சி கூர்ந்து வர வேண்டுமாம். எங்களுடையது நடுவில் நெரிந்து, மேலும் கீழும் அகன்று கிடந்தது. உழைக்கிற வயதுக்காரர்கள்தானே விமானம் ஏறிவிட்டார்கள்.

"இது உடுக்கைங்க பிரதர்," என்றேன்.

அந்தப் படத்தில் என்னை எங்கே போட்டிருக்கிறார் என்று தேடினேன். உச்சியில், 'தங்கியிருப்போர்' என்று எழுதியிருந்தார். உழைக்கிற வயதுக்காரர்களின் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களாம். பிள்ளைகளும் கிழங்களும் அதில் சேர்த்தி.

எனக்குச் சுருக்கென்றது. என் மகன் எழும்புவதற்கு முன் முற்றம் கூட்டி, பேரப்பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, பள்ளிக்கூட வேனில் ஏற்றி, ரெஜினா வேலைக்குப் போனபின் காய் நறுக்கி வைப்பவள் நான். யார் யாரில் தங்கியிருக்கிறார்கள்? கேட்கவில்லை. கேட்காததெல்லாம் எனக்கு இப்படித்தான், இரண்டு வருசம் கழித்து எழுத்தில் வருகிறது.

கொக்கிஸ் சண்டை

எண்ணி முடித்தபோது ஐம்பது வந்தது. கூட ஒன்றுமில்லை, குறைய ஒன்றுமில்லை.

அந்த ஐம்பதில் நாற்பத்தொன்பதாவதும் ஐம்பதாவதும் ஒரே வீடு. அந்த வீட்டு அண்ணன் பெண்டாட்டி பிலோமினா, தம்பி பெண்டாட்டி செல்வமணி. பல வருசத்துக்கு முன் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு பிலோமினா சுட்ட கொக்கிஸ் பலகாரத்தைக் கடித்துப் பார்த்து, "இது கொக்கிஸா, கூர ஓடா?" என்று செல்வமணி கேட்டுவிட்டாள். அன்றைக்குப் பிரிந்த அடுப்பு. நடுவில் ஒரு தகரம் வேறு அடித்திருந்தார்கள்.

பிரதர் கொப்பியில் எழுதும்போது செல்வமணி எட்டிப் பார்த்தாள்.

"அப்ப எங்க ரெண்டு அடுப்பாலதான் அம்பது நெறஞ்சுச்சா?"

"ஓம், ஓம். நீங்கள் ஒரு அடுப்பெண்டா நாற்பத்தொன்பதுதான்."

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பிலோமினாவின் குரல் வந்தது, யாரையும் பார்த்துப் பேசாத மாதிரி. "பாத்தியளா, இத்தன வருசம் பேசாம இருந்ததுக்கு ஒரு பிரயோசனம் வந்திருச்சு."

செல்வமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தப் பக்கமும் சிரிப்பு. எனக்கு அப்போதே மனசு சரியில்லை.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனேன். தகரத்தைக் காணவில்லை. ஒரே அடுப்பில் பெரிய தாச்சி, இரண்டு பேரும் சேர்ந்து கொக்கிஸ் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க லூர்தக்கா! நாங்க ராசியாயிட்டோம்!"

அயலாரோடு சமாதானமாகுங்கள் என்று வருசத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு பிரசங்கம் கேட்கிறோம். ஒரு தடவை கேட்டு நடந்தார்கள், அதுவும் பூசைக்கு உலை வைத்துவிட்டது. நாற்பத்தொன்பது.

அன்று பின்னேரமே மாதர் சங்கம் கூடி அங்கே போய் நின்றது. "கொஞ்ச நாளைக்குச் சண்ட புடிச்சுக்கோங்களேன்டி! பங்குத்தந்த வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் கட்டிப் புடிச்சுக்கங்க!"

பாவம், இரண்டு பேரும் முயற்சி செய்தார்கள். பிலோமினா இடுப்பில் கைவைத்து, "ஏண்டி, ஓம் மூஞ்சியும்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. செல்வமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கூடியிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எட்டு மணிப் பூசை கண்ணில் தெரிந்தது.

பிரதர் கொப்பியை முதலிலிருந்து புரட்டினார். "அம்மா, குறை நினைக்காதேங்கோ. உங்களை எண்ணினீங்களோ? எண்ணுற ஆள் தன்னை விடுறது வழக்கம்."

"அந்தப் பழைய கத எனக்கும் தெரியும். மொத வரிய பாருங்க. மகன் வீடு. அதுல கடைசிப் பேரு நான்."

பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தோனி, ரெஜினா, பிள்ளைகள் இரண்டு, அதற்குக் கீழே நான். அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் செங்கல் தேடினேன்.

சங்கீர்த்தனச் சிக்கல்

இனி புகைக்குத் திரும்பலாம். ரெஜினா அன்று முழுக்கச் சட்டிகளை இடித்து இடித்து வைத்தாள். மறுநாள் பிரதர் வழியாக விசயம் தெரிந்ததும் நேரே என் செங்கல்லுக்கு வந்தாள்.

"இதுக்குத்தானா? சொல்லியிருக்கலாம்ல! சாமி வர்ற அன்னைக்கு மட்டும் சும்மா அடுப்ப வச்சுக் காட்டுங்க. இப்ப எழும்பி உள்ள வாங்க."

"சும்மா காட்டுனா பொய்."

"சின்னப் பொய்தானே?"

"பொய் சொன்னா சங்கீர்த்தனம் பண்ணணும். பொய்யால நெறஞ்ச அம்பதுல வர்ற தமிழ்ச் சாமிகிட்ட, நீங்க வந்ததே பொய்யாலதான்னு எப்பிடிச் சொல்றது?"

நான் ரெஜினாவிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு உப்புப் போத்தலையும், ஒரு கொத்து அரிசியையும், காய்ந்த விறகையும் வைத்துவிட்டு, "சிரட்ட போட்டுப் பத்த வைங்க, சுருக்கா பிடிக்கும்," என்று சொல்லிப் போனாள்.

பங்குத்தந்தை வருவதற்குள் பத்து நாள் தனியாக ஆக்கித் தின்றுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று நாள் சோறு குழைந்தது. ஒரு ஆளுக்கு அரிசி போட்டு எனக்குப் பழக்கமே இல்லை. பிறந்த வீட்டில் ஒன்பது பேருக்கு, கட்டின வீட்டில் ஏழு பேருக்கு. எனக்கென்று மட்டும் உலை வைப்பது எந்த வயதிலும் நடந்ததில்லை. நாலாம் நாள் கருவாட்டில் எனக்குப் பிடித்த அளவு மிளகாய் போட்டேன். யாருக்கும் காரம் கூடவில்லை, ஏனென்றால் வேறு யாரும் இல்லை.

சாமி வந்தார்

ஒரு சனிக்கிழமை பகல் பங்குத்தந்தை வந்தார். பின்னால் கொப்பியோடு பிரதர். அதற்குள் நான் அடுப்புக்கு மேலே ஒரு தகரமும் போட்டிருந்தேன். பிலோமினா வீட்டுத் தகரம்தான்.

"லூர்தம்மா, இது உங்க அடுப்பா?"

"ஆமாங்க ஃபாதர்."

"ஒவ்வொரு நாளும் இங்கயா சமைக்கிறீங்க?"

"ஒவ்வொரு நாளும்."

அதுவரை எல்லாம் சத்தியம். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏன்? மருமகளோட சண்டையா?"

சண்டை என்றால் பொய், அதோடு ரெஜினாவுக்கு ஊர்ப் பழி. சண்டை இல்லை என்றால், ஏன் தனி அடுப்பு என்று அடுத்த கேள்வி வரும். நிலத்தைப் பார்த்தேன். சாம்பலைப் பார்த்தேன். சாம்பலிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

குசினிக்குள்ளிருந்து ரெஜினாவின் சத்தம் வந்தது. "ஆமாங்க ஃபாதர்! பயங்கர சண்ட! மூஞ்சிகூட பாத்துக்க மாட்டோம்!"

சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு கையில் ஃபாதருக்குத் தேத்தண்ணீர். மற்றக் கையில் ஒரு கோப்பை தேங்காய்ச் சம்பல், அதை என் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "மாமி, கருவாட்டுக்குத் தொட்டுக்கங்க," என்று மெதுவாகச் சொன்னாள். பிரதர் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

பங்குத்தந்தை சம்பலைப் பார்த்தார். ரெஜினாவைப் பார்த்தார். பிறகு பெட்டியொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கருவாடு மணக்குது," என்றார். தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அம்மே! இந்தக் காரத்துக்குத் தனி அடுப்புத்தான் சரி. எழுதுங்க பிரதர், ஐம்பது."

அடுத்த ஞாயிறு ஆறரைப் பூசைக்கு முன் சங்கீர்த்தன வரிசையில் ரெஜினா நின்றாள். முடித்து வந்ததும் கேட்டேன், என்ன பிராயச்சித்தம் கொடுத்தார் என்று.

"மாமிக்கு ஒரு வாரம் தண்ணி தூக்கிக் குடுக்கச் சொன்னாரு. தமிழ்ல விளக்கமா சொன்னேனா, ரெண்டு நிமிசம் சிரிச்சாரு."

கூட ஒன்று

தமிழ்ப் பூசை இன்றைக்கும் இருக்கிறது. பிரதர் வேறு பங்குக்குப் போய்விட்டார். போகும்போது அந்த உடுக்கைப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உச்சியிலிருந்த அந்தச் சொல்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

என் பேரப்பிள்ளைகள் காலையில் தாயின் அடுப்பில் சாப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் அடுப்பில். பிரதரின் சட்டப்படி அவர்கள் இரண்டு குடும்பத்தில் இருக்கிறார்கள். போன வாரம் அந்தோனியும் ஒரு தட்டோடு வந்து நின்றான். தங்கியிருப்போர் கூடிக்கொண்டே போகிறார்கள்.

போன மாதம் பிலோமினாவும் செல்வமணியும் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை தொதல் பலகாரத்தால். தகரத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள், கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு அடுப்பு.

ரெஜினா அன்று பின்னேரமே விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். "மாமி, அம்பத்தொண்ணு ஆயிருச்சு. இனி ஒங்க அடுப்பு தேவையில்ல. மழ காலம் வேற வருது. உள்ள வந்துருங்க."

மழை உண்மைதான். தகரமும் போய்விட்டது. நான் எழும்பிப் போய், வேலிக்கு வெளியே கிடந்த ஒரு முழுச் செங்கல்லைக் கொண்டுவந்து, உடைந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்.

"கணக்குல ஒண்ணு கூட இருக்கட்டும்," என்றேன்.